கனமில்லாத காட்டெருமை

நான் ஏற்காட்டுக்குப் போனது ஒரு காட்டெருமையைப் பார்ப்பதற்காக. சேலத்தில் பஸ் ஏறியதும் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் அதைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பாரஸ்ட் டிபார்ட்மெண்டுங்களா?" என்றார். இல்லை, படம் வரைகிறவள் என்றேன். அதன்பிறகு அடிவாரம் வரும்வரை அவர் என்னிடம் பேசவில்லை.

தூத்துக்குடியில் இருந்துகொண்டு இருபது வருடமாகக் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். மீன், நண்டு, தோணி, உப்பளத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு என்றால் கை தானாகவே போகும். போன வருடம் ஒரு பதிப்பகம் இருபத்து நான்கு பக்கக் கதை ஒன்றைக் கொடுத்தது. தண்ணீர் தேடிப் போய் வழி தவறிவிடும் காட்டெருமையின் கதை. போட்டோக்களையும் வீடியோக்களையும் பார்த்துப் பார்த்து எட்டு மாதம் வரைந்தேன். கொம்பின் வளைவு, முதுகு மேடு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்டதுபோன்ற கால்கள், எல்லாம் சரியாக இருந்தன. பதிப்பாசிரியர் என்னைவிட இளையவர், மரியாதையான பெண். படங்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, தப்பா நினைக்காதீங்க. கால்நடை ஆஸ்பத்திரிச் சுவர்ல மாட்டியிருக்கிற படம் மாதிரி இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. அதனால்தான் அது உறுத்தியது.

அதற்குப் பிறகு மேசைப் பக்கம் போகவே பயம் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் பிரிட்ஜைத் துடைப்பேன். பென்சில்களை உயரவாரியாக அடுக்குவேன். கலர் புட்டிகளின் மூடிகளைக் கழுவிக் காயவைப்பேன். அதற்குள் பத்து மணியாகிவிடும். சமையலைப் பார்க்க வேண்டும், இன்றைக்கு நேரமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொல்லும்போது மனதுக்குள் ஒரு நிம்மதி பரவும். அந்த நிம்மதியைக் கண்டுதான் நான் மிகவும் பயந்தேன். அது பழகிவிட்டால் மீதி வாழ்நாள் முழுவதும் பிரிட்ஜ்தான் துடைத்துக்கொண்டிருப்பேன் என்று தோன்றிய ஒரு நாளில் பையைக் கட்டிவிட்டேன்.

புதன்கிழமை மலை ஏறினோம். பாதி வளைவுகள் முடிந்த இடத்தில் மேலிருந்து வந்த ஒரு கார் நடுவில் நின்றுவிட்டது. பின்னுக்கு எடுக்கத் தெரியாமல் அதை ஓட்டியவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எங்கள் டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, கண்ண மூடிட்டா வண்டி நகருங்களா?" என்றார். பின் இருக்கையில் எஸ்டேட் வேலைக்குப் போகும் வடநாட்டு இளைஞர்கள் இருவர் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்த வரையில் ஒருவன் சொன்னது இது: "முதல் தடவை வந்தபோது எனக்கும் இப்படித்தான் கை உறைந்துபோச்சு. மிளகு பறிக்கும் ஏணியில் ஏறினேன், இறங்கத் தெரியவில்லை." மற்றவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கை உறைவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் தரை என்றால் தரைதான். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும். இங்கே சாலைக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. மேலே போய் இறங்கியபோது வயிற்றில் காலையில் சாப்பிட்ட இட்லி இல்லை.

ஒண்டிக்கடை என்ற நாற்சந்தியிலிருந்து பத்து நிமிட நடையில் ஜெசிந்தா என்பவரின் வீடு. அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கணவர் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், வாரக் கடைசியில்தான் வருவார். பின்னறையை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறார்கள். வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியாகிவிட்டது. சுடுசோற்றோடு சௌசௌ கூட்டும் மிளகு ரசமும் வைத்துவிட்டு நான் வந்த காரணத்தைக் கேட்டார். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"காட்டெருமயப் பாக்கவா அத்தன தொலவுல இருந்து வந்தீங்க? நாங்கெல்லாம் அது கண்ணுல படாம இருக்கோணும்னு ஜெபம் பண்றோமுங்க. போன மாசம் சர்ச்சுக்குப் போற வழியில நின்னுட்டு இருந்துது. திரும்பி ஊட்டுக்கு வந்துட்டேன். ஆண்டவர் மன்னிச்சுக்குவாரு."

"கிட்டத்தில் பார்த்தீர்களா? எப்படி இருந்தது?"

"எப்படி இருந்துதா? எனக்கு என் செருப்பு எங்க போச்சுன்னே தெரியலீங்க."

வியாழக்கிழமை முழுவதும் பனிமூட்டம். ஜன்னலுக்கு வெளியே இருந்த சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. சரி, இருக்கிற நேரத்தில் வரைவோம் என்று உட்கார்ந்தேன். இங்கே துடைக்க பிரிட்ஜ் இல்லை. மதியத்துக்குள் பதினேழு தாள்கள். பதினேழிலும் அதே ஆஸ்பத்திரி மாடு. கடைசித் தாளில் கோபத்தில் அதற்கு ஒரு மணி கட்டிவிட்டேன்.

குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒண்டிக்கடைக்கு நடந்தேன். சூடான மிளகாய் பஜ்ஜியைக் கடித்தபோது கண்ணில் வந்த நீருக்கு மிளகாய் மட்டும் காரணமில்லை. சாலையோரத்தில் 'வனவிலங்குகள் நடமாடும் பகுதி' என்று ஒரு பலகை. அதிலிருந்த காட்டெருமையைப் பார்த்தேன். என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

அங்கேயே நின்று பதிப்பாசிரியருக்கு போன் செய்தேன். என்னால் முடியவில்லை, வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "திங்கக்கிழமை வரைக்கும் நான் யார்கிட்டயும் பேசல அக்கா. அன்னைக்கும் இதையே சொன்னீங்கன்னா ஏத்துக்கறேன்" என்றார். போனை வைத்த பிறகு மனதுக்குள் அந்தப் பழைய நிம்மதி பரவ ஆரம்பித்தது. எனக்கு அதன்மேல் ஆத்திரம் வந்தது. ஊருக்குப் போனால் இந்த நிம்மதியோடுதான் போவேன். இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன, ஒரு நாளைக்கூட விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். வீரம் ஒன்றும் இல்லை. பிடிவாதம்தான்.

வெள்ளிக்கிழமை காலை பனி விலகியது. மஞ்சக்குட்டை கிராமத்துப் பக்கம் காட்டெருமை தினமும் இறங்குகிறது என்று ஜெசிந்தா விசாரித்து வைத்திருந்தார். ஷேர் ஜீப்பில் ஏறினேன். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினான்கு பேர், இரண்டு வாழைத்தார், ஒரு தையல் மெஷின். என் மடியில் யாருடைய பையோ இருந்தது. ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது இன்ஜினில் ஏதோ அறுந்து, புகை வந்து, ஜீப் நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் நடங்க, காத்து நல்லாருக்குது" என்று சொல்லிவிட்டார். ஒருவர்கூடக் கோபப்படவில்லை. எங்கள் ஊராக இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கும்.

மடியில் இருந்த பை ராமாயி என்பவருடையது. என் வயதுதான் இருக்கும். விதை வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை.

"எங்க காட்டுக்கு வாங்க. நேத்து வந்துட்டுப் போன தடம் அப்பிடியே இருக்குது. பீன்ஸ நாலு பாத்தி தின்னுட்டுப் போயிருச்சுங்க. அதுக்குத்தான் மறுபடி வெத வாங்கியாறேன்."

அவருடைய நிலம் சரிவில் படிப்படியாக இருந்தது. மேல்வரப்பில் முள்வேலி ஓர் ஆள் நீளத்துக்குச் சாய்ந்து கிடந்தது. ராமாயியின் கணவர் கோவிந்தன் அங்கே குழி தோண்டிக்கொண்டிருந்தார். அவர்களிடம் என் படங்களைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. பாராட்டுக்காகத்தான் இருக்க வேண்டும்.

கோவிந்தன், "அருமைங்க" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். ராமாயி மட்டும் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்.

"அச்சு அசலா அதேதானுங்க. ஆனா கனமே இல்லீங்களே."

"கனமா?"

"காத்தடிச்சா பறந்து போயிரும்போல இருக்குது. சொல்லக்கூடாதுங்களோ?"

சொல்லலாம் என்றேன். உள்ளுக்குள் எரிந்தது. இருபது வருடம் வரைகிறேன், பீன்ஸ் போடுகிறவர் எனக்குச் சொல்கிறாரே என்று அற்பத்தனமாக நினைத்தேன். அதற்குள் அவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பாத்தி நடுவில் நிறுத்தினார். ஈரமண்ணில் குளம்புத் தடம். விரித்த என் கை உள்ளே போகும் அகலம், உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தது. ராமாயி செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் அழுத்தி மிதித்தார். மண் லேசாகப் பதிந்தது, அவ்வளவுதான்.

"பாருங்க. நானும்தான் மிதிக்கறேன்."

அந்த இரண்டு தடங்களையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். என்னுடைய நூறு படங்களிலும் கால்கள் தாளின் அடி ஓரத்தில் முடிந்திருந்தன. கீழே ஒரு கோடு இழுத்திருப்பேன். கொக்குக்கும் நண்டுக்கும் அந்தக் கோடு போதும். தட்டை நிலத்திலேயே வாழ்ந்தவளுக்கு மண்ணை வரைய வேண்டும் என்றே தோன்றவில்லை.

அன்று திரும்பிப் போக ஜீப் இல்லை. "எங்கூட்டுல இருங்க, விடியால வந்தா பாத்துக்கலாம்" என்றார் ராமாயி. ராகிக் களியும் கீரைக் கடைசலும் கொடுத்தார். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று அவர் சொல்லித் தரும்வரை நான் மென்றுகொண்டே இருந்தேன். அவர் சிரித்தது அப்போதுதான்.

சனிக்கிழமை விடியும்போது மொட்டைமாடியில் மூவரும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. முதலில் சத்தம்தான் கேட்டது. ஒரு மூச்சு, பிறகு குச்சி முறியும் ஒலி. மேல்வரப்பில் பனிக்குள் இருந்த கறுப்பு ஒன்று தனியாகப் பிரிந்து வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு.

முந்தின நாள் கோவிந்தன் நட்ட கம்பங்களை அது முட்டவில்லை. சாய்ந்துகொண்டது, அவ்வளவுதான். வேலி படுத்துவிட்டது. முன்காலைக் கீழ்ப் பாத்தியில் வைத்தது. வைத்த இடத்தில் மண் அமுங்கி, பக்கவாட்டில் பிதுங்கி, அதற்குப் பிறகுதான் தோளில் அசைவு வந்தது. தோளிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து கொம்புக்கும் அந்த எடை ஏறிப்போவதைப் பார்த்தேன். பென்சில் கையில்தான் இருந்தது. ஒரு கோடும் போடவில்லை. என் வாய் திறந்திருந்ததை மூடும்போதுதான் உணர்ந்தேன். எட்டு மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

திரும்பிப் பார்த்தேன். ராமாயி உதடு அசைய, மிதிபடும் பாத்திகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கோவிந்தன் தகரத்தை அடித்தார். அது தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. வாயில் பீன்ஸ் கொடி தொங்கியது. அவசரமே இல்லாமல் திரும்பி ஏறிப் போனது. ராமாயி மாடியிலிருந்து இறங்கிக்கொண்டே, "பாத்துட்டீங்களா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆமாம் என்று சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பார்ப்பதற்காகக் காத்திருந்தது அவர்களுக்கு வராமல் இருக்க வேண்டிய ஒன்று.

பத்து மணிவரை வேலி கட்ட உதவினேன். முள் கிழித்து வலது கையில் மூன்று இடங்களில் ரத்தம். சரியாக உதவினேன் என்று சொல்ல முடியாது. "விடுங்க கண்ணு, படம் போடற கை" என்று கோவிந்தன் இரண்டு முறை சொல்லிவிட்டார். என்னைவிடச் சின்னவராகத்தான் இருப்பார், இருந்தாலும் அந்தக் 'கண்ணு' பிடித்திருந்தது.

ஏற்காட்டுக்குத் திரும்பி, குளிக்காமல்கூட மேசையில் உட்கார்ந்தேன். கண்ணால் பார்த்தாகிவிட்டது, இனி தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. முதல் தாளில் ஆஸ்பத்திரி மாடு. இரண்டாவதிலும் அதுவே. பார்த்தது மனதில் இருந்தது, கைக்கு இறங்கவில்லை. எனக்கு அழுகை வரப்பார்த்தது. பார்க்காமல் இருந்தபோது பார்க்கவில்லை என்று சாக்குச் சொல்லலாம். இப்போது அந்தச் சாக்கும் போய்விட்டது.

எழுந்து அறைக்குள் நடந்தேன். தரையைத் துடைக்கலாமா என்றுகூட ஒரு நிமிடம் பார்த்தேன். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஒன்று தீர்மானித்தேன். இன்றைக்கு மாட்டை வரைவதில்லை. அந்தப் பாத்தியை மட்டும் வரைவது.

சரிவை வரைந்தேன். ஈரமண்ணை, பிதுங்கிய விளிம்பை, உடைந்த கொடியை வரைந்தேன். குளம்புத் தடத்தை மட்டும் ஒன்பது முறை போட்டேன். காயம் இழுத்தது. சனிக்கிழமை அப்படியே போனது. கையில் ஒரு மாடும் இல்லை. ஆனால் பயம் குறைந்திருந்தது, ஏனென்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தாவும் கணவரும் சர்ச்சுக்குப் போனார்கள். நான் தடத்திலிருந்து மேலே ஏறினேன். முதலில் குளம்பு, அது மண்ணை அமுக்கியது. அதற்கேற்பக் கால். காலுக்கேற்பத் தோள். நான்கு தாள்கள் வீணாயின. ஐந்தாவதில் கழுத்துக் கோடு போடும்போது, அது எவ்வளவு தாழ வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. கீழேயிருந்து வந்த எடை அதை இழுத்துக்கொண்டு போனது. நான் பென்சிலைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? பசி தெரியவில்லை. ஜெசிந்தா திரும்பி வந்ததும், மதியம் பக்கத்து அறையில் ஏழெட்டுப் பேர் கூடி கேரல் பாட்டு ஒத்திகை பார்த்ததும் எனக்குத் தெரியாது. பிறகுதான் சொன்னார்கள். மேசை ஓரத்தில் ஆடை படிந்த இரண்டு டம்ளர் டீ இருந்தது. இந்த வேலையை விட்டுவிடாமல் இருபது வருடமாக நான் பிடித்துக்கொண்டிருப்பது இப்படிப்பட்ட சில மணி நேரங்களுக்காகத்தான். அவை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் உட்கார்ந்திருக்கும்போதுதான் வருகின்றன.

மூன்றாவது டீயோடு உள்ளே வந்த ஜெசிந்தா படத்தைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார்.

"ஏனுங்க, இத அந்தக் கதவோரமா மட்டும் வெச்சிராதீங்க. விடியால பாத்ரூமுக்கு வாறப்ப எனக்கு உசுரு போயிரும்."

என் வாழ்க்கையில் கிடைத்த விமர்சனங்களில் அதுதான் சிறந்தது.

சாயங்காலம் பதிப்பாசிரியருக்குப் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே அழைத்தார். "அக்கா, கதையில தோட்டமே கிடையாதே. மிதிபட்ட செடியெல்லாம் எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். அது தண்ணீர் தேடி வரும் வழியில் யாருடைய வயலையாவது மிதிக்காமல் வர முடியாது என்றேன். கதை எழுதியவரிடம் பேசுகிறேன் என்றார். திங்கட்கிழமை வேறு யாரிடமும் பேச வேண்டியதில்லை என்று அவரே சொன்னார்.

மறுநாள் படத்தைச் சுருட்டிக்கொண்டு மஞ்சக்குட்டைக்குப் போனேன். இந்த முறை ஜீப் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ராமாயி மண்ணைக் கிளறி விதை ஊன்றிக்கொண்டிருந்தார். கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். முதலில் காட்டெருமையைப் பார்க்கவில்லை. அதன் காலடியில் கிடந்த கொடியைப் பார்த்தார்.

"இந்தப் பாத்தியத்தான் மொதல்ல மிதிச்சுது. சரியாப் போட்டிருக்கீங்க." கொஞ்சம் பொறுத்து, "இப்ப நொம்ப கனமா இருக்குதுங்க" என்றார். பிறகு, "இந்த ஒரு படத்துக்கு எத்தன நாளுங்க ஆச்சு?"

"எட்டு மாதம்."

"எட்டு மாசமா! பீன்சே ரெண்டு மாசத்துல காச்சிருமுங்க." அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னும் எத்தன படம் போடோணும்?"

"இருபத்து மூன்று."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த குழிக்கு நகர்ந்தார். வேலியோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கதையின் இரண்டாம் பக்கத்தில் அது இடிச்சத்தம் கேட்டு ஓடுகிறது. ஓடும் காட்டெருமையை நான் பார்த்ததே இல்லை. திரும்பிப் போகும் ஜீப் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஒரு வெற்றுத் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.